சாவி ஆணியில் இருக்க வண்டி போய்விட்டது: சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவின் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து ஒரு வாசகர் ஆறு பக்கங்களுக்கு எழுதியிருக்கிறார். பெயரையும் குடியிருப்பின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிடுகிறேன். பால்மரம் வெட்டிய பெற்றோருக்குத் தோட்டத்து லயத்தில் பிறந்த இவர், தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு வெளியே வந்து தாமான் (வீடமைப்புப் பகுதி) ஒன்றில் வீடு வாங்கினார். இப்போது சுற்றுவட்டாரத் தோட்டங்களில் குலை வெட்டி ஏற்றும் வேலையைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார். மூன்று ஆண்டுகளுக்கு முன் தவணையில் வாங்கிய பிக்கப் வண்டியை நம்பித்தான் அவருடைய தொழில் நடக்கிறது. சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினால் எஞ்சின் ஓடத் தொடங்கும் வகை வண்டி அது.

மூன்று வாரங்களுக்கு முன், விடியற்காலை மூன்று மணியளவில், வீட்டு முகப்பில் நின்ற அந்த வண்டி காணாமல் போயிருக்கிறது. கண்ணாடி உடையவில்லை, கதவு நெம்பப்படவில்லை, அபாய ஒலியும் எழவில்லை. இரண்டு சாவிகளும் வாசல் கதவை ஒட்டிய சாமி மேடைக்குப் பக்கத்தில் ஆணியில் அப்படியே தொங்கியிருக்கின்றன. எதிர்வீட்டுக் கண்காணிப்புக் கேமராவில் இரண்டு பேர் தெரிகிறார்கள். ஒருவன் கைப்பை போன்ற ஒன்றை வாசல் கதவுக்கு அருகே உயர்த்திப் பிடிக்கிறான், மற்றவன் வண்டியின் கதவருகே நிற்கிறான். ஒரு நிமிடம் ஆவதற்குள் வண்டி பின்னோக்கி நகர்ந்து சாலைக்குப் போய்விடுகிறது.

வாசகர் அன்று காலையிலேயே போலீசில் புகார் செய்துவிட்டார். ஆனால், "பூட்டை உடைக்காமல் எடுத்ததால் திருட்டு என்று நிரூபிப்பது கடினம்" என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னது அவரைக் கலங்க வைத்திருக்கிறது. காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் இரண்டு முறை வந்து சாவியைப் பற்றியே துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். மாதத் தவணையை நிறுத்த முடியாது என்று வங்கி சொல்கிறது. எட்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் வண்டி திரும்ப வரும் என்று முகம் தெரியாத ஒருவன் வாட்ஸ்அப்பில் பேசுகிறான். இதற்கிடையில் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கும் மகன், திருடர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதைக் கண்டுபிடிப்பதற்காக, வானொலி அலைகளைப் படித்து மீண்டும் அனுப்பும் சிறு கருவி ஒன்றை இணையத்தில் வரவழைத்துவிட்டான். அதை வைத்திருந்தாலே சிறை என்று பக்கத்து வீட்டார் பயமுறுத்துகிறார்கள். இங்கிலாந்தில் இத்தகைய கருவிகளுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவருகிறார்களே, நம் நாட்டில் ஏன் இல்லை என்பது வாசகரின் ஆதங்கம். தாமானில் உள்ள ஓர் இளைஞன் மேல் அவர் மனைவிக்குச் சந்தேகம் இருப்பதால், கேமராப் பதிவை ஃபேஸ்புக்கில் போடலாமா என்றும் கேட்கிறார்.

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்தபோது, வேலைக்குப் போக வழியின்றி வீட்டில் உட்கார்ந்திருக்கும் உங்களை நினைத்து மிகவும் வருந்தினேன். கேள்விகளை நீங்கள் எழுதிய வரிசையில் எடுத்துக்கொள்ளாமல், எது அவசரமோ அதற்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. எதிர்வீட்டுக் கேமராவின் பதிவை இன்றே முறையாகப் பிரதி எடுத்து வையுங்கள். வீடுகளில் பொருத்தப்படும் பதிவுப் பெட்டிகள், இடம் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். கைப்பேசியால் திரையைப் படம் பிடித்தது போதாது. மூலப் பதிவே தேவை. 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவின்படி, கணினியில் உருவான ஆவணத்தை நீதிமன்றம் ஏற்பதற்கு, அந்தக் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கையொப்பமிட்ட சான்று உதவும். ஆகவே எதிர்வீட்டுக்காரரிடம் இப்போதே பேசி, பதிவையும் அவருடைய ஒத்துழைப்பையும் விசாரணை அதிகாரியிடம் கொண்டு சேருங்கள். அதோடு, வண்டிக் கண்ணாடியில் சுங்கச்சாவடிக்கான ஆர்எஃப்ஐடி வில்லை ஒட்டியிருந்தால், அதனோடு இணைந்த மின்பணப் பையின் கணக்கைத் திறந்து, அன்றிரவும் மறுநாளும் கட்டணம் ஏதும் கழிக்கப்பட்டதா என்று பாருங்கள். ஏதாவது ஒரு சாவடியின் பெயரும் நேரமும் அதில் இருந்தால், வண்டி எந்தத் திசையில் போனது என்று போலீசுக்குக் காட்டும் முதல் தடயம் அதுவாக இருக்கக்கூடும்.

பூட்டு உடையவில்லை என்றாலும் இது திருட்டுதான்

உங்களிடம் பேசியவர் சொன்னது தவறு. தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவு திருட்டுக்கு இலக்கணம் சொல்லும்போது பூட்டைப் பற்றியோ உடைப்பதைப் பற்றியோ பேசவில்லை. ஒருவர் வசம் இருக்கும் அசையும் பொருளை, அவருடைய சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்துச் செல்வதற்காக நகர்த்தினால் அது திருட்டு. கம்பியால் நெம்பினாலும் வானொலி அலையால் ஏமாற்றினாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். உங்கள் வண்டிக்கதவு திருடனுக்காகத் தானே திறந்துகொண்டது என்பதால் நீங்கள் சம்மதித்ததாக ஆகிவிடாது.

மோட்டார் வாகனங்களுக்கென்றே 379ஏ என்ற தனிப் பிரிவும் இருக்கிறது. வாகனத்தையோ அதன் பாகத்தையோ திருடியவருக்கு ஓர் ஆண்டுக்குக் குறையாமலும் ஏழு ஆண்டுகளுக்கு மேற்படாமலும் சிறைத்தண்டனை விதிக்க வேண்டும், அதற்கு மேல் அபராதமும் விதிக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. சாதாரணத் திருட்டுக்கான 379ஆம் பிரிவில் இப்படி ஒரு குறைந்தபட்சத் தண்டனை இல்லை. வாகனத்தை இழந்தவனின் பிழைப்பே நின்றுபோகும் என்பதை உணர்ந்துதான் நாடாளுமன்றம் இந்த வேறுபாட்டைச் செய்தது என்று நான் எண்ணுகிறேன். திருட்டு வண்டி என்று தெரிந்தும் வாங்கி வைத்திருப்பவர், அதைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் பட்டறைக்காரர் ஆகியோர் 411ஆம் பிரிவில் வருகிறார்கள். அங்கும் பொருள் மோட்டார் வாகனமாக இருந்தால் குறைந்தது ஆறு மாதச் சிறை உண்டு.

இவற்றோடு 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு குற்றம் செய்யும் நோக்கத்தோடு கணினி ஒன்றில் அனுமதியின்றி நுழைவது அதன் 4ஆம் பிரிவின்கீழ் பத்து ஆண்டுகள் வரை சிறையோ, 150,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கத்தக்க குற்றம். அந்தச் சட்டத்தில் 'கணினி' என்ற சொல்லுக்குத் தந்திருக்கும் விளக்கம் மிகவும் விரிவானது. தகவலைச் செயலாக்கும் மின்னணுக் கருவி எதுவும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். சாவியின் அடையாளத்தைச் சரிபார்த்துக் கதவைத் திறக்கும் உங்கள் வண்டியின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் கணினியே என்று அரசாங்க வழக்குரைஞர் வாதிட அதில் இடம் இருக்கிறது. வழக்கு அந்த வழியில் போகுமா என்பது அவர்கள் முடிவு செய்ய வேண்டியது. நீங்கள் அஞ்சுவதுபோலச் சட்டம் கைவிரிக்கவில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அவர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்பதைப் புரிந்துகொள்வது காப்புறுதி விவகாரத்துக்கு அவசியம். பொத்தானில் இயங்கும் வண்டியின் கதவுப்பிடியைத் தொட்டவுடன், வண்டி தாழ்ந்த அலைவரிசையில் 'சாவி பக்கத்தில் இருக்கிறதா' என்று கேட்கும். இயல்பில் அந்தக் கேள்வி ஓரிரு மீட்டர் தூரத்துக்கு மேல் எட்டாது. சாவி அதைக் கேட்டால், உயர்ந்த அலைவரிசையில் தன் இரகசியக் குறியீட்டோடு பதில் அனுப்பும். திருடர்கள் கொண்டுவரும் இரண்டு கருவிகளும் அந்தக் கேள்வியை வண்டியிடமிருந்து வாங்கி, சுவருக்கு அப்பால் ஆணியில் தொங்கும் சாவியிடம் கொண்டு சேர்க்கின்றன. இதைத்தான் அலைநீட்டிப்பு என்கிறேன். குறியீட்டை அவர்கள் உடைக்கவும் இல்லை, நகல் எடுக்கவும் இல்லை. உங்கள் சொந்தச் சாவியே, நீங்கள் வண்டியருகே நிற்பதாக எண்ணிப் பதில் சொல்லிவிட்டது. ஒருமுறை எஞ்சின் ஓடத் தொடங்கிவிட்டால், சாவி தூரமாகிவிட்டாலும் பாதுகாப்புக் கருதி அது நடுவழியில் நிற்காது. 2011இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து வகைக் கார்களில் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். கேமராவில் நீங்கள் கண்ட காட்சி, ஒருவன் வாசலிலும் மற்றவன் வண்டியருகிலும் நின்றது, இந்த முறையின் அடையாளமே. மதிப்பீட்டாளரின் சந்தேகத்துக்கு உங்களிடம் உள்ள மிகச் சிறந்த பதிலும் அந்தக் காட்சிதான்.

வேறொரு முறையும் உண்டு. முன்விளக்கைக் கழற்றி, அதன் பின்னால் ஓடும் தகவல் கம்பியில் கருவியை இணைத்து, சாவியே இல்லாமல் வண்டியை ஏமாற்றுவது. 2022இல் லண்டனில் கார்ப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவருடைய சொந்த வண்டியே இப்படித் திருடப்பட்டது. அதன் பிறகு அவர் தேடிக் கண்டுபிடித்த கருவி, சிறிய ஒலிபெருக்கி போல வேடமிட்டு விற்கப்பட்டது. உங்கள் வண்டியின் முன்புறத்தை யாரும் தொட்டதாகப் பதிவில் இல்லாததால் அந்த முறையை இங்கே ஒதுக்கிவிடலாம்.

கருவியை வைத்திருப்பது மட்டுமே குற்றமா?

நீங்கள் குறிப்பிட்ட இங்கிலாந்துச் சட்ட மசோதா 2025 பிப்ரவரி 25ஆம் நாள் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டது. அங்கும் வேல்சிலும் நடக்கும் வாகனத் திருட்டுகளில் ஏறக்குறைய 40 விழுக்காட்டில் மின்னணுக் கருவிகள் பயன்படுவதாக உள்துறை அமைச்சு அப்போது கூறியது. இதற்கு முன்பு அவர்களிடம் இருந்தது 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. திருட்டுக்கான கருவியோடு வீட்டுக்கு வெளியே பிடிபடுபவனுக்கே அது பொருந்தும். வீட்டுக்குள் பத்துக் கருவிகளை அடுக்கி வைத்து விற்பவனை அதனால் தொட முடியவில்லை. புதிய மசோதா, வாகனத் திருட்டுக்குப் பயன்படும் என்று நியாயமாகச் சந்தேகிக்கத்தக்க சூழலில் அத்தகைய கருவியை வைத்திருப்பது, செய்வது, இறக்குமதி செய்வது, விற்பது ஆகிய ஒவ்வொன்றையும் குற்றமாக்கி, ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்றது. தீய நோக்கம் இல்லை என்பதைக் காட்டும் பொறுப்பு கருவியோடு பிடிபட்டவருடையது. கனடா இன்னும் கடுமையான வழியில் போனது. 2024 ஜூன் மாதம் சட்டமான வரவுசெலவுத் திட்ட அமலாக்கச் சட்டத்தின் வழியாக, கார் திருட்டுக்காக மின்னணுக் கருவியை வைத்திருப்பதற்கும் விநியோகிப்பதற்கும் பத்து ஆண்டுகள் வரை தண்டனையை அங்கு குற்றவியல் சட்டத்தில் சேர்த்தார்கள்.

நம் நாட்டில் வாகனத் திருட்டுக் கருவி என்று பெயர் சொல்லித் தடுக்கும் தனிச் சட்டம் இல்லை என்பது உண்மை. ஆனால் வெற்றிடமும் இல்லை. 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றங்கள் சட்டம், தகுந்த காரணமின்றி வீடு உடைக்கும் கருவிகளோடு பிடிபடுபவரையும், திருடப்பட்டதாகச் சந்தேகிக்கத்தக்க பொருளை வைத்திருந்து சரியான விளக்கம் தராதவரையும் தண்டிக்கிறது. ஆனால் அது பூட்டுக் கம்பியின் காலத்துச் சட்டம், தண்டனையும் சிறியது. 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 239ஆம் பிரிவு, அங்கீகரிக்கப்படாத தொடர்புக் கருவிகளைப் பயன்படுத்துவதையும் வைத்திருப்பதையும் விநியோகிப்பதையும் குற்றமாக்குகிறது. அந்தச் சட்டத்தின் பல தண்டனைகள் 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தங்களால் உயர்த்தப்பட்டுவிட்டன. ஆகவே, திருட்டு நடப்பதற்கு முன்பே இத்தகைய கருவியோடு நள்ளிரவில் தாமானைச் சுற்றுபவனைப் பிடித்து விசாரிக்கப் போலீசுக்கு வழியே இல்லை என்று நினைக்காதீர்கள்.

இருந்தாலும் இந்த ஏற்பாடு போதும் என்று நான் சொல்லமாட்டேன். தொடர்புச் சட்டம் கருவியின் சான்றிதழைப் பார்க்கிறது, அதைப் பிடித்திருக்கும் கையின் நோக்கத்தைப் பார்ப்பதில்லை. ஒரே கும்பல் இருபது வீடுகளை வேவு பார்த்துக் கருவியோடு பிடிபட்டால், அவர்களுக்குப் பொருந்தும் குற்றச்சாட்டு ஒரு சான்றிதழ் விவகாரமாகச் சுருங்கிவிடக்கூடாது. நமக்குத் தனிப் பிரிவு தேவை என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் அது எப்படி எழுதப்பட வேண்டும் என்பதில் உங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்தச் சட்டத்தில் முதலில் சிக்கக்கூடியவர்களில் உங்கள் மகனும் ஒருவன்.

நோக்கத்தை நிரூபிக்கும் சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் ஏற்றுவது நமக்குப் புதிதல்ல. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 37ஆம் பிரிவில் உள்ள ஊகங்கள், வசதியான வழக்கறிஞரை வைத்துக்கொள்ள முடியாத பிள்ளைகள் மேல் எவ்வளவு பாரமாக இறங்குகின்றன என்பதை நீதிமன்றத்தில் பார்த்திருக்கிறேன். மின்னணுவியல் படிக்கும் தோட்டத்து வீட்டுப் பையனின் மேசையில் ஒரு கருவி கிடந்தால், அவன் மாணவன் என்பதை எவ்வளவு எளிதாக நிரூபிக்க முடியும், எவ்வளவு நாள் தடுப்புக் காவலில் இருந்த பிறகு நிரூபிக்க முடியும் என்பதையும் சட்டம் எழுதுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும். கனடாவில் 2024 பிப்ரவரியில், வானொலி அலைகளைப் படித்து மீண்டும் அனுப்பும் ஃபிளிப்பர் ஜீரோ என்ற சிறு கருவியையே தடை செய்வோம் என்று அமைச்சர் அறிவித்தார். உங்கள் வண்டியைத் திருடிய வகையான அலைநீட்டிப்பை அந்தக் கருவியால் செய்ய முடியாது என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் விளக்கிய பிறகு, முழுத்தடை என்ற பேச்சு, முறையாகப் பயன்படுத்துவோரைத் தவிர மற்றவர்களுக்கான கட்டுப்பாடாகச் சுருங்கியது. கருவியின் பெயரைத் தடை செய்வதைவிட, எந்த நோக்கத்தோடு எந்தச் சூழலில் வைத்திருந்தார் என்பதைக் கேட்கும் சட்டமே நமக்கு வேண்டும். பூட்டுப் பழுதுபார்ப்பவர், பட்டறைக்காரர், மாணவர், ஆய்வாளர் ஆகியோர் காட்டக்கூடிய எளிய சான்று எது என்பதையும் சட்டமே சொல்ல வேண்டும். உங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் சேவை மையத்துக்கு நீங்கள் எழுதுவதாக இருந்தால் இதையும் சேர்த்து எழுதுங்கள்.

மகனும் அந்தப் பொட்டலமும்

வைத்திருந்தாலே சிறை என்று பக்கத்து வீட்டார் சொன்னது மிகைப்படுத்தல்தான், என்றாலும் அதில் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று இருக்கிறது. வானொலி அலைகளை அனுப்பும் கருவிகளுக்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் விதிகளின்படி தரச்சான்று வழங்கும் சிரிம் நிறுவனத்தின் சான்றும் வில்லையும் தேவை. வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைத்த பொருளில் அது இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே மகன் அதை இயக்க வேண்டாம். பயத்தில் அதை ஆற்றில் வீசவோ, நண்பனிடம் விற்கவோ கூடாது. விற்றால் அதுவே புதிய சிக்கலாகும். வாங்கிய ரசீதையும் பொட்டலத்தின் உறையையும் பத்திரப்படுத்தி, கல்லூரி விரிவுரையாளரிடம் விவரத்தைச் சொல்லட்டும். ஆய்வுக்கூடத்தில், மேற்பார்வையில், முறைப்படி கற்கும் வழி இருந்தால் அவர் சொல்வார், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பும் வழியைக் காட்டுவார். பிறர் வண்டியில் 'சும்மா சோதித்துப் பார்க்கிறேன்' என்று ஒருமுறை அழுத்தினால்கூடக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவு வந்து நிற்கும் என்பதை அவனிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அவன் தகப்பனுக்காகச் செய்யப் புறப்பட்டவன் என்பதை நான் உணர்கிறேன். அவனைத் திட்டாமல் சொல்லுங்கள்.

ஒருவேளை போலீஸ் விசாரித்தால் உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். கைது என்ற நிலை வந்தால், காரணத்தைத் தெரிந்துகொள்ளவும் வழக்கறிஞரைத் தொடர்புகொள்ளவும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு உரிமை தருகிறது. தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் அந்தக் கட்டத்தில் இலவசமாக உதவுவார்கள்.

கடிதத்தின் ஓரத்தில், வாசலில் அலைத்தடுப்புக் கருவி ஒன்றைப் பொருத்தலாமா என்று நீங்கள் எழுதியிருப்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டவே வேண்டாம். அலைகளைத் தடுக்கும் கருவி பொதுமக்களுக்கு அனுமதிக்கப்பட்டதல்ல. அது அக்கம்பக்கத்தாரின் கைப்பேசியையும் கேட்டுகளையும் முடக்கும், திருடனைப் பிடிக்கும் முன் உங்களையே பிடித்துக் கொடுக்கும்.

எட்டாயிரம் வெள்ளி கேட்கும் குரல்

பணம் கொடுக்காதீர்கள். வண்டி அவனிடம் இருக்கிறது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. காணாமல் போன வண்டிகளைப் பற்றி உறவினர்கள் சமூக ஊடகத்தில் பகிரும் பதிவிலிருந்து வண்டி எண்ணையும் தொலைபேசி எண்ணையும் எடுத்துக்கொண்டு இப்படிப் பேசும் ஏமாற்றுக்காரர்கள் இருக்கிறார்கள். உங்கள் மைத்துனர் அப்படி ஒரு பதிவு போட்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உண்மையிலேயே வண்டி அவனிடம் இருந்தாலும் நிலைமை மாறாது. திருட்டுப் பொருளை மீட்டுத் தருவதாகச் சொல்லிப் பணம் பெறுவது தண்டனைச் சட்டத்தின் 215ஆம் பிரிவின்கீழ் குற்றம். வண்டி வந்தால் புகாரை மீட்டுக்கொள்கிறேன் என்று நீங்கள் வாக்குக் கொடுத்தால், குற்றவாளியைக் காப்பாற்றுவதற்காகப் பொருள் கொடுப்பதைத் தண்டிக்கும் 214ஆம் பிரிவு உங்கள் பக்கம் திரும்பும் ஆபத்தும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவரான நீங்கள் குற்றவாளிக் கூண்டை நெருங்க வேண்டிய அவசியம் என்ன?

அவன் அனுப்பிய செய்திகளை அழிக்காமல், வங்கிக் கணக்கு எண் கொடுத்திருந்தால் அதையும் குறித்துக்கொண்டு, முதல் புகாரின் எண்ணைக் குறிப்பிட்டு இரண்டாவது புகார் ஒன்று செய்யுங்கள். போலீசின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்தால், முன்பே அதன் மேல் புகார் இருக்கிறதா என்று தெரியும். குடும்பத்தில் யாராவது உங்களுக்குத் தெரியாமல் ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், தாமதிக்காமல் பண மோசடிப் புகார்களுக்கான 997 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.

தாமான் இளைஞனைப் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள். பதிவில் முகம் தெரியவில்லை, நடை மட்டும் அவனைப் போல இருக்கிறது என்கிறீர்கள். அதை வைத்து ஒருவன் பெயரை ஃபேஸ்புக்கில் எழுதினால், அவதூறு தொடர்பான 499, 500ஆம் பிரிவுகளும், தொடர்புச் சட்டத்தின் 233ஆம் பிரிவும், அதற்கு மேல் சிவில் வழக்கும் உங்களைத் தேடி வரலாம். அவன் குற்றமற்றவனாக இருந்தால் அந்தச் சிறு ஊரில் அவனுடைய வேலையும் திருமணமும் கெட்டுவிடும். சந்தேகத்தை விசாரணை அதிகாரியிடம் தனியாகச் சொல்லுங்கள். அவரிடம் சொல்வதற்கு உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

காப்புறுதியும் வங்கியும்

உங்கள் காப்புறுதி முழுப் பாதுகாப்பு வகை என்று எழுதியிருக்கிறீர்கள், அது பெரிய ஆறுதல். மூன்றாம் தரப்புக்கு மட்டுமான காப்புறுதியாக இருந்திருந்தால் திருட்டுக்கு ஒரு வெள்ளியும் வராது. இரண்டு சாவிகளையும் மதிப்பீட்டாளர் கேட்பது உங்களை அவமதிப்பதற்காக அல்ல. உரிமையாளரே வண்டியை மறைத்துவிட்டுச் சாவியைக் கொடுத்தனுப்பும் மோசடிகள் நடப்பதால் அந்தக் கேள்வி வழக்கமாகிவிட்டது. இரண்டையும் கொடுங்கள், ஆனால் தேதியும் கையொப்பமும் உள்ள ரசீது பெறாமல் கொடுக்காதீர்கள். கேமராப் பதிவின் பிரதியையும், அலைநீட்டிப்பு முறை பற்றி மேலே நான் விளக்கியதை ஒட்டிய கடிதம் ஒன்றையும் இணைத்துக் கொடுங்கள். சாவி வாசலருகே தொங்கியதை மறைக்க வேண்டாம். சொந்த வீட்டுக்குள் சாவியை மாட்டி வைப்பது கவனக்குறைவு ஆகாது, மறைத்துப் பிறகு தெரியவந்தால்தான் உங்கள் சொல் நம்பிக்கை இழக்கும். வண்டியை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்டாலும் உண்மையையே சொல்லுங்கள். தனிப்பட்ட உபயோகத்துக்கு என்று காப்புறுதி எடுத்துவிட்டுக் குலை ஏற்றியிருந்தால் நிறுவனம் அதை எழுப்பக்கூடும். அப்படியானால் பதில் எழுதும் முன் பாலிசியோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

நீங்கள் அனுப்பிய பாலிசி நகலில், திருட்டு இழப்பீட்டை அறிவிப்புத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் அல்லது போலீஸ் விசாரணை முடிந்ததும், எது முந்தியதோ அப்போது தீர்க்க வேண்டும் என்ற வரி இருக்கிறது. அதன் அடியில் கோடு போட்டு வையுங்கள். உங்களுடையது காப்புறுதி எடுக்கும்போதே தொகையை முடிவு செய்யும் ஒப்புக்கொண்ட மதிப்பு அல்ல, சந்தை மதிப்பு என்பதால், கிடைக்கும் தொகை நீங்கள் வாங்கிய விலைக்குக் குறைவாகவே இருக்கும். கடன் பாக்கி முதலில் வங்கிக்குப் போகும், மிச்சம் இருந்தால்தான் உங்களுக்கு. இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் காப்புறுதிக் கட்டணத்தில் 55 விழுக்காடு வரை சேர்த்திருந்த உரிமைகோரல் இல்லாச் சலுகையும் இந்தக் கோரிக்கையோடு போய்விடும்.

தவணையை நிறுத்த முடியாது என்று வங்கி சொன்னது, கசப்பாக இருந்தாலும், சட்டப்படி சரியே. 1967ஆம் ஆண்டுத் தவணைமுறைக் கொள்முதல் சட்டத்தின்கீழ் கடன் முடியும் வரை உரிமை வங்கியுடையது, வண்டி போனதால் ஒப்பந்தம் முடிந்துவிடாது. ஆனால் காப்புறுதிக் கோரிக்கை எண்ணோடு கிளை மேலாளரிடம் எழுத்து வழியாகத் தவணைக் குறைப்போ அவகாசமோ கேட்கலாம். வாய்ச்சொல்லாகக் கேட்டு, கிடைக்கும் என்று நம்பித் தவணையை விட்டுவிடாதீர்கள். கடன் பதிவு கெட்டால் அடுத்த வண்டி வாங்கவே முடியாமல் போகும். காப்புறுதி நிறுவனம் மறுத்தாலோ, ஏற்கமுடியாத தொகை சொன்னாலோ, அதன் இறுதி முடிவுக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தைகளுக்கான குறைதீர்ப்பாளர் சேவையை அணுகலாம். 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் இந்த அமைப்பு 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. பயனீட்டாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை.

அடுத்த வண்டி எப்போது வந்தாலும், வாங்கும் இடத்திலேயே சாவியில்லாத் திறப்பை அணைத்துவைக்க முடியுமா, அசையாமல் இருந்தால் உறங்கிவிடும் வகைச் சாவி அதற்கு உண்டா என்று கேளுங்கள். வீட்டில், இறுக்கமான மூடி உள்ள உலோக டின் போதும். தீபாவளிக்கு முறுக்கு அடைத்த டின்னே ஆகலாம். ஆனால் சாவியை அதற்குள் வைத்து மூடி, டின்னைக் கையில் பிடித்தபடி வண்டிக் கதவைத் திறந்து பாருங்கள். திறந்தால் அந்த டின் உதவாது. அதோடு ஸ்டீயரிங் பூட்டு ஒன்றும் போடுங்கள். அலையால் திறந்தவனைக் கைவேலை செய்ய வைக்கும் அந்த ஐந்து நிமிடங்கள்தான் அவனுக்குப் பிடிக்காதவை.

கடைசியாக, போலீசிடமிருந்து ஒரு தகவலும் இல்லை என்ற உங்கள் குறை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவு, புகார் கொடுத்தவருக்கே விசாரணையின் நிலையைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. வாகனத் திருட்டு பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்பதால் அந்தப் பிரிவு உங்களுக்குப் பொருந்தும். புகார் கொடுத்து நான்கு வாரம் கடந்திருக்க வேண்டும், கோரிக்கை கிடைத்த இரண்டு வாரத்துக்குள் நிலைய அதிகாரி அறிக்கை தர வேண்டும், தராவிட்டால் அரசாங்கத் தலைமை வழக்குரைஞரிடம் முறையிடலாம். உங்களுக்கு நான்காவது வாரம் அடுத்த வாரம் முடிகிறது. புகார் எண், தேதி, வண்டி எண் ஆகியவற்றோடு ஒரு பக்கக் கடிதம் எழுதி, கேமராப் பதிவு ஒப்படைக்கப்பட்டதையும் அதில் குறிப்பிட்டு, நிலையத்தில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரை வாங்கி வாருங்கள்.